தேவதை வேறு, தூதர் வேறு: சிறகு எங்கிருந்து வந்தது?

சகோதரி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். உங்கள் மகள் படிக்கும் தமிழ்ப்பள்ளியில் 'தேவதை' என்ற தலைப்பில் ஓவியம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்தில் இருந்த கிறிஸ்தவச் சிறுமி வெள்ளைச் சிறகுகளோடு ஒரு பெண்ணை வரைந்தாள். முஸ்லிம் சிறுமியோ மலக்குகளை, அதாவது இறைவனின் தூதர்களை, வரையக் கூடாது, அவர்கள் பெண்களும் அல்லர் என்று சொல்லித் தாளை வெறுமையாகவே வைத்துவிட்டாள். உங்கள் மகள் கிரீடம் சூடிய அம்மனைப் போல ஓர் உருவத்தை வரைந்துவிட்டு வந்து, "யார் சரி?" என்று உங்களைக் கேட்டிருக்கிறாள். எல்லா மதங்களிலும் தேவதைகள் உண்டா என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: அந்த மூன்று பிள்ளைகளும் மனத்தில் நினைத்தது ஒரே ஆளைத்தானா? இல்லை என்பதே என் பதில். பிள்ளைகள் மூவரும் அவரவர் வீட்டில் கற்றதைச் சரியாகவே வைத்திருக்கிறார்கள். தலைப்பாகக் கொடுத்த ஒற்றைச் சொல்தான் அவர்களைச் சிக்கலில் மாட்டிவிட்டது.

நான் மதகுரு அல்ல; கல்லூரியில் சமயம் கற்பிப்பவனும் அல்ல. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பினாங்கில் சிலைகளைப் பழுதுபார்த்து வர்ணம் பூசி வருகிறேன். தேவாலயங்களின் பிளாஸ்டர் சிலைகள், கல்லறைத் தோட்டத்துப் பளிங்குச் சிலைகள், குடமுழுக்குக் காலத்தில் கோயில் கோபுரத்துச் சுதை உருவங்கள் எல்லாம் என் கையில் வந்துபோயிருக்கின்றன. அப்பா உபதேசியாராக இருந்தவர் என்பதால் வேதாகமம் எனக்குச் சிறுவயதுப் பழக்கம். இஸ்லாம் பற்றி நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி, எங்கள் தெருவில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத் ஒருவரிடம் பல ஆண்டுகளாகக் கேட்டுத் தெரிந்துகொண்டது. எது கூடும், எது கூடாது என்ற மார்க்கத் தீர்ப்பை அவரைப் போன்றவர்களிடம்தான் கேட்க வேண்டும். அதில் எனக்கு இடமில்லை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். எபிரேயத்தில் 'மலாக்', கிரேக்கத்தில் 'ஆங்கெலோஸ்'. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: தூது கொண்டுபோகிறவர். அரசன் அனுப்பிய சாதாரண ஆளையும் பழைய ஏற்பாடு 'மலாக்' என்றே சொல்கிறது. அரபியின் 'மலக்' அந்த எபிரேயச் சொல்லுக்கு உடன்பிறப்பு. ஆங்கிலத்து 'ஏஞ்சல்' கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. நம் ஊர்ச் சீனர்கள் சொல்லும் 'தியன்ஷி'யைப் பிரித்தாலும் 'வானம்', 'தூதர்' என்றே வருகிறது. இது பணியின் பெயர், இயல்பின் பெயர் அன்று என்று புனித அகுஸ்தீன் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே விளக்கிவிட்டார். தபால்காரர் என்றால் அது ஓர் இனத்தின் பெயரா? அப்படித்தான் இதுவும்.

தூது நமக்குப் புதிதும் அல்ல. திருக்குறளின் 69ஆம் அதிகாரமே தூது. தன் உயிருக்கே ஆபத்து வந்தாலும் சொல்ல வேண்டியதைக் குறையாமல் சொல்லுகிறவனே தூதன் என்று அங்கே வருகிறது. அதனால் தமிழில் வேதத்தைக் கொண்டுவந்தவர்களுக்குச் சரியான சொல் கையருகிலேயே இருந்தது. சீர்திருத்தச் சபையார் 'தேவதூதன்' என்றார்கள். இன்றைய கத்தோலிக்கர் 'வானதூதர்' என்கிறார்கள். தமிழ் முஸ்லிம்கள் 'மலக்கு' என்றும் 'வானவர்' என்றும் சொல்கிறார்கள். பழைய கத்தோலிக்க வீடுகளில் இன்னொரு சொல் இருந்தது: 'சம்மனசு'. பள்ளிக்குக் கிளம்பும்போது "காவல் சம்மனசு கூடவே வரட்டும்" என்று சொல்லி என் பாட்டி நெற்றியில் சிலுவை போடுவார். நல்ல மனம் என்ற பொருள் தரும் வடமொழிச் சொல்லிலிருந்து இது வந்தது என்பார்கள். பொருந்துகிற விளக்கம்தான், ஆனாலும் முடிந்த முடிவாக அதை நான் சொல்ல மாட்டேன். பாட்டியோடு அந்தச் சொல்லும் எங்கள் வீட்டை விட்டுப் போய்விட்டது என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

கவனியுங்கள், இவற்றில் எதுவும் 'தேவதை' இல்லை. தமிழில் தேவதை என்றால் நாம் கும்பிடும் தெய்வம்: கிராம தேவதை, குலதேவதை. அல்லது கதையில் வருகிற வானுலக அழகி. ஏஞ்சலைத் தேவதை ஆக்கியவை சினிமாப் பாட்டும் வாழ்த்து அட்டையும். இந்த இடத்தில் மலாய் மொழி நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. அங்கே 'மலாயிக்கட்' வேறு, 'பிடாடாரி' வேறு. முதலாவது அரபி வழி வந்த தூதர். இரண்டாவது வானுலகப் பெண். அந்தப் பிடாடாரி வடமொழியின் 'வித்யாதரி'தான். சிலப்பதிகாரமும் மணிமேகலையும் 'விஞ்சையர்' என்று சொல்லுகிற கூட்டத்தைச் சேர்ந்தவள். உங்கள் மகள் பள்ளியில் மலாய் படிக்கிறாள் அல்லவா? "மலாயிக்கட்டும் பிடாடாரியும் ஒன்றா?" என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்று உடனே சொல்லிவிடுவாள்.

இனிச் சிறகுக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அதிதூதர் மிக்கேலின் சிலை ஒன்று என் பட்டறைக்கு வந்தது. நான்கடி உயரம், பிளாஸ்டர். இத்தகைய சிலைகளில் சிறகு தனி வார்ப்பு. முதுகில் இரண்டு குழி விட்டு, இரும்புக் கம்பி செருகிச் சிறகைப் பொருத்திப் பூசியிருப்பார்கள். பினாங்கு ஈரத்தில் அந்தக் கம்பி துருவேறிப் பருக்கும். சுற்றியுள்ள பிளாஸ்டர் வெடிக்கும். எந்தச் சிறகுச் சிலையானாலும் முதலில் பழுதாகிற இடம் அதுதான். இரண்டு சிறகுகளையும் கழற்றி மேசைமேல் படுக்க வைத்துவிட்டு, துருவைச் சுரண்டி, எவர்சில்வர் கம்பி மாற்றிக்கொண்டிருந்தேன். தற்செயலாக நிமிர்ந்து பார்த்தபோது எதிரே நின்றது வேறு ஆள். ரோமானியப் போர்வீரனின் உடையில், கையில் ஈட்டியோடு ஓர் இளைஞன், அவ்வளவுதான். முதுகிலிருந்த இரண்டு குழிகளைத் தவிர அவன் வானத்தைச் சேர்ந்தவன் என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. ஏட்டில் உள்ள தூதர் இவர்தானே என்று அன்று எனக்குத் தோன்றியது.

ஏனென்றால் வேதாகமத்தில் தூதர்கள் வரும் இடங்களில் பெரும்பாலும் அவர்கள் மனிதர்களாகவே தெரிகிறார்கள். தொடக்கநூல் 18ஆம் அதிகாரத்தில் வெயில் நேரத்தில் கூடார வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆபிரகாம் மூன்று ஆட்களைக் காண்கிறார். ஓடிப்போய் வணங்கி, கால் கழுவத் தண்ணீர் தந்து, அப்பம் சுடச் சொல்லி, கன்று அடித்து, பாலும் தயிரும் வைத்து மரத்தடியில் விருந்து படைக்கிறார். அவர்கள் சாப்பிடுகிறார்கள். சிறகு இருந்திருந்தால் வழிப்போக்கர் என்று யாராவது நினைப்பார்களா? அடையாளம் தெரியாமலே தூதரை உபசரித்தவர்கள் உண்டு என்று எபிரேயர் திருமுகமும் சொல்கிறது. யாக்கோபின் கனவில் தூதர்கள் ஏணியில் ஏறி இறங்குகிறார்கள், பறக்கவில்லை. இயேசுவின் கல்லறையில் உட்கார்ந்திருப்பவரை மாற்கு 'வெண்ணிற ஆடை அணிந்த இளைஞர்' என்றே எழுதுகிறார். வேதாகமத்தின் கடைசி நூலான வெளிப்பாட்டில் ஒரு தூதர் நடுவானில் பறக்கிறார். அங்கும் சிறகைப் பற்றிப் பேச்சில்லை.

சிறகு சொல்லப்படுவது வேறு வகையினருக்கு. எசாயா கண்ட சேராபீன்களுக்கு ஆறு சிறகுகள்: இரண்டால் முகத்தை மூடி, இரண்டால் காலை மூடி, இரண்டால் பறக்கிறார்கள். எசேக்கியேல் கண்ட உயிர்களுக்கு நான்கு முகம், நான்கு சிறகு. அருகே கண்கள் நிறைந்த சக்கரங்கள். பின்னால் அவர் இவற்றைக் கெருபுகள் என்கிறார். ஏதேன் தோட்டத்து வழியைச் சுடரொளி வாளோடு காக்க நிறுத்தப்பட்டவையும் கெருபுகள்தான். இந்தப் பெயர் பின்னாளில் என்ன ஆனது தெரியுமா? கிரேக்க, ரோமானியக் காதல் தெய்வத்தின் குழந்தை உருவம் இத்தாலிய மறுமலர்ச்சிக் கலைக்குள் புகுந்தது. ஓவியர் ரஃபேல் 1512ஐ ஒட்டித் தீட்டத் தொடங்கிய சிஸ்டின் மடோனாவின் அடியில் கன்னத்தில் கை வைத்துச் சாய்ந்திருக்கும் இரண்டு சிறகுக் குழந்தைகளை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். நம் ஊர்த் திருமண அழைப்பிதழ்வரை வந்துவிட்டார்கள். கெருபு என்பதே ஆங்கிலத்தில் 'செரப்'; எசேக்கியேலை முகங்குப்புற விழ வைத்த அந்தப் பெயரை இன்று சுமப்பவை இந்தக் குழந்தைகள். ஓவியம் அருமையானது. பெயர்தான் அவர்களுடையது அன்று.

கிறிஸ்தவர்களின் முதல் ஓவியங்களிலும் தூதருக்குச் சிறகு இல்லை. ரோமில் பிரிசில்லா நிலவறைக் கல்லறையில், அமர்ந்திருக்கும் பெண்ணை நோக்கி ஒருவர் கை நீட்டுகிற 3ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்று உண்டு. கபிரியேல் மரியாவுக்கு மங்கள வார்த்தை சொல்லுகிற காட்சி அது என்றே பலர் கொள்கிறார்கள், எல்லோரும் ஒப்புக்கொண்டதல்ல. அப்படியே வைத்துக்கொண்டால், அந்தக் கபிரியேலின் முதுகு வெறும் முதுகு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த, இஸ்தான்புல்லில் கிடைத்த ஒரு குழந்தையின் கல் சவப்பெட்டியில் சிறகுள்ள இருவர் கிறிஸ்துவின் சின்னம் பொறித்த மாலையை ஏந்திப் பறக்கிறார்கள். 432க்கும் 440க்கும் இடையில் ரோமின் சாந்தா மரியா மஜோரே பேராலயத்தில் பதித்த மொசைக்குகளில் தூதர்களின் சிறகு நிலைத்துவிட்டது. அந்தச் சிறகு கிரேக்க, ரோமானிய வெற்றித் தெய்வத்திடமிருந்து வந்தது என்பதே கலை வரலாற்றாளர் பெரும்பாலோரின் கருத்து. நாணயத்திலும் வளைவிலும் மாலையோடு பறந்த அந்தப் பெண்ணைப் பார்த்தே வளர்ந்த சிற்பிகள், வானத்திலிருந்து வருகிறவரைக் காட்ட வேறு எந்த அடையாளத்தைத் தேடுவார்கள்? ஒருவர் கையிலிருந்த உளி இன்னொருவர் கைக்குப் போனதுபோல என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

வெள்ளை நிறமும் கட்டாயம் இல்லை. புளோரன்ஸின் சான் மார்கோ மடத்தில் ஃப்ரா ஆஞ்செலிகோ தீட்டிய கபிரியேலின் சிறகில் வானவில்லே இருக்கிறது. மயிற்பீலிக் கண்களோடு சிறகு வரைந்தவர்களும் ஐரோப்பாவில் இருந்தார்கள். பழைய வர்ணத்தைச் சுரண்டும்போது அடியில் நீலமும் காவியும் கிடைத்தால், அதையே மீண்டும் பூச அனுமதி கேட்பேன். பல நேரம், "வெள்ளையாகவே அடித்துவிடுங்கள்" என்றுதான் பதில் வரும். மனமில்லாமல் அடித்துக் கொடுப்பேன்.

ஆணா, பெண்ணா என்பதற்கு வருகிறேன். வேதாகமத்தில் பெயர் சொல்லப்படும் தூதர்கள் ஆண்களாகவே தோன்றுகிறார்கள்: கபிரியேல், மிக்கேல், கத்தோலிக்கர் ஏற்கும் தோபித்து நூலின் இரபேல். செக்கரியா நூலில் நாரைச் சிறகுகளோடு இரண்டு பெண்கள் வருவது உண்மை. ஆனால் அந்த நூல் அவர்களைத் தூதர் என்று சொல்லவில்லை. தூதர்களுக்கு உடலே இல்லை, ஆதலால் ஆண் பெண் என்ற பேச்சும் இல்லை என்பது திருச்சபையின் போதனை. நாம் இன்று காணும் பெண் ஏஞ்சல் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் வரவு. இத்தாலியில், ஜெனோவாவின் ஸ்தால்யேனோ கல்லறைத் தோட்டத்தில் ஜூலியோ மோன்தெவெர்தே 1882இல் செய்த தூதர் சிலை பெண்ணின் அழகும் சோகமும் கொண்டது. உலகெங்கும் அதைப் பார்த்துச் செய்தார்கள். வாழ்த்து அட்டை, கிறிஸ்துமஸ் மரம், பொம்மைக்கடை என்று அது பரவி உங்கள் மகளின் வகுப்பறைவரை வந்திருக்கிறது.

முஸ்லிம் சிறுமி சொன்னதற்கு நேரான ஆதாரம் இருக்கிறது. மலக்குகளைப் பெண்கள் என்று சொன்ன மக்காவாசிகளைக் குர்ஆன் கண்டிக்கிறது: அவர்கள் படைக்கப்பட்டதை நீங்கள் பார்த்துக்கொண்டா இருந்தீர்கள் என்று 43ஆம் அத்தியாயம் கேட்கிறது. சிறகு விஷயத்தில் குர்ஆன் வெளிப்படையாகவே பேசுகிறது. இரண்டு, மூன்று, நான்கு சிறகுகளுள்ள தூதர்களாக மலக்குகளை அல்லாஹ் ஆக்கினான் என்று 35ஆம் அத்தியாயத்தின் முதல் வசனம் சொல்கிறது. ஜிப்ரீலுக்கு, அதாவது கிறிஸ்தவர்கள் கபிரியேல் என்பவருக்கு, 600 சிறகுகள் என்றும், மலக்குகள் ஒளியிலிருந்து படைக்கப்பட்டார்கள் என்றும் நபிமொழிகள் உண்டு. அதே ஜிப்ரீல் மர்யமிடம் முழுமையான மனித உருவில் வருகிறார். ஆபிரகாமின் விருந்து இங்கும் வருகிறது, ஒரு பெரிய வேறுபாட்டோடு. இப்ராஹீம் நபி பொரித்த கன்றைக் கொண்டுவந்து வைக்கிறார். விருந்தாளிகளின் கை அதை நோக்கி நீளவில்லை. அதைக் கண்டதும் அவருக்கு அச்சம் வருகிறது. பயப்படாதீர் என்று சொல்லித் தாங்கள் யார் என்பதை அவர்கள் வெளிப்படுத்துகிறார்கள். பினாங்கில் பிறந்த எனக்கு அந்த அச்சம் நன்றாகவே புரிகிறது. வைத்த சோற்றைத் தொடாத விருந்தாளியை விடவும் கலங்க வைப்பவர் யார்? ஒரு கதை உண்ணச் செய்து அவர்களை அருகில் கொண்டுவருகிறது. மற்றது உண்ணாமலிருக்கச் செய்து அவர்கள் வேறு படைப்பு என்று காட்டுகிறது. இரண்டையும் கலந்து ஒன்றாக்க எனக்கு விருப்பமில்லை.

உருவம் வரைவதை இங்குள்ள முஸ்லிம்கள் தவிர்க்கிறார்கள். பள்ளிவாசலில் எழுத்தணியும் வடிவங்களும் மட்டுமே இருக்கும். ஆனால் முஸ்லிம் நாடுகளில் எந்தக் காலத்திலும் யாரும் வரைந்ததில்லை என்று சொன்னால் அது பிழை. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தப்ரீஸில் உருவான ரஷீதுத்தீனின் வரலாற்று ஏட்டில் ஜிப்ரீலின் படம் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டின் ஹெராத் ஏடு ஒன்று வண்ணச் சிறகுள்ள மலக்குகளால் நிறைந்தது. இன்று பாரிஸின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. இது வரலாறு, அவ்வளவே. இதை எடுத்துக்காட்டி அந்தச் சிறுமியின் வீட்டு ஒழுக்கத்தைத் தவறு என்று யாரும் சொல்லக் கூடாது.

நம் கோயில்களில் வானவர் பறக்கிறார்கள், சிறகில்லாமல். கோபுர வேலையில் தமிழ்நாட்டு ஸ்தபதி ஒருவரோடு உதவிக்கு நின்ற காலத்தில், மேல்தளத்துக் கந்தர்வர் ஒருவருக்குச் சிறிய சிறகு வைத்தால் பார்க்க அழகாக இருக்குமே என்று நிர்வாகத்தார் ஒருவர் கேட்டார். ஸ்தபதி ஈரச் சுதையைக் கையில் உருட்டிக்கொண்டே, "சிறகு பறவைக்கு. இவனுக்கு முழங்காலை மடக்கினால் போதும்" என்றார். சொன்னபடியே ஒரு காலைப் பின்னுக்கு மடித்து, மேலாடையை ஒரு பக்கமாக விசிறிவிட்டார். உருவம் மேலே எழும்பிவிட்டது. மாமல்லபுரத்தில் 7ஆம் நூற்றாண்டுப் பெரும்பாறைச் சிற்பத்தில் இணை இணையாகப் பறந்து வருகிறவர்களும் இதே வழியில்தான் பறக்கிறார்கள். அந்த மடித்த முழங்காலுக்கு ஈடாக உலகக் கலையில் நான் எதையும் கண்டதில்லை.

ஒப்பிட வேண்டுமானால் வடிவத்தை விட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். நாரதர் உலகங்களுக்கிடையே செய்தி சுமக்கிறார். எமதூதர் என்ற சொல்லிலேயே தூதர் இருக்கிறார். உயிரை எடுக்க வரும் மலக்கை முஸ்லிம்கள் மலக்குல் மவ்த் என்பார்கள். சித்திரகுப்தன் எல்லோருக்கும் ஒரே கணக்கர். இஸ்லாத்திலோ ஒவ்வொரு மனிதருக்கும் எழுதுகிற மலக்குகள் உண்டு. ஒற்றுமை இவ்வளவு தூரம் போகிறது, அதற்குமேல் போகாது. முனீஸ்வரருக்கு நாம் படையல் வைக்கிறோம்; காவல் தெய்வம் அதை ஏற்கிறது. வெளிப்பாட்டில் யோவான் தூதரின் காலில் விழப்போகும்போது, வேண்டாம், நானும் உன்னைப் போல் ஒரு பணியாளன், கடவுளை வணங்கு என்று அவர் தடுத்துவிடுகிறார். தெய்வத்துக்கும் தூதருக்கும் நடுவில் உள்ள கோடு இதுதான். பெயருள்ள தூதர்கள் யூதர்களிடம் பாரசீகத் தாக்கத்தால் வந்தார்களா என்பது அறிஞர்களிடையே முடியாத வழக்கு. பெயர்கள் பாபிலோனிலிருந்து வந்தவை என்று யூத மரபே ஒப்புக்கொள்கிறது. அதற்கு மேல் எவ்வளவு இரவல் என்று உறுதியாகப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை.

உங்கள் மகள் வரைந்தது தமிழ்ச் சொல்லின்படி மிகச் சரியான தேவதை என்று அவளிடம் சொல்லுங்கள். கிறிஸ்தவச் சிறுமி வரைந்த சிறகுக்குப் பின்னால் 1,600 ஆண்டுச் சிற்பக்கலை இருக்கிறது. வெறுமையான தாளுக்கும் காரணம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஜார்ஜ் டவுனுக்குப் போங்கள். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலையும் குயின் தெரு மாரியம்மன் கோயிலையும் 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தையும் சிறிது நேரத்தில் நடந்தே பார்த்துவிடலாம். கோபுரத்தின் கீழே நிற்கும்போது முழங்கால்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆசிரியரிடம் பேச வாய்ப்புக் கிடைத்தால், அடுத்த முறை தலைப்பைத் 'தூது' என்று வைக்கச் சொல்லிப் பாருங்கள். கிறிஸ்தவச் சிறுமி நோவாவிடம் ஒலிவ இலையோடு திரும்பிய புறாவை வரையலாம். முஸ்லிம் சிறுமி, சுலைமான் நபியின் கடிதத்தைச் சுமந்துபோன ஹுத்ஹுத் பறவையை வரையலாம்; தமிழில் அதற்குக் கொண்டலாத்தி என்று பெயர், தலையில் விசிறிக் கொண்டை இருக்கும். உங்கள் மகளுக்குத் தமயந்தியிடம் நளனைப் பற்றிச் சொன்ன அன்னம் இருக்கிறது. மூன்றுக்கும் சிறகு உண்டு.